இரண்டு லட்சம் வாரண்ட், மூன்று பெயர்

இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனைவியின் பெயர் என்ன என்பது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, வொங்வியன் யாய் தரகு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், நான்காம் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தபோது ஹுவத்துக்குத் தெரியவந்தது.

அதுவரை அவள் குங். குங் என்றால் இறால். தலாட் ப்ளூ வட்டாரம் முழுக்க அவளை ஜே குங், அதாவது குங் அக்கா, என்றுதான் கூப்பிடும்; ஹுவத் எல்லோருக்கும் ஹியா, அண்ணன், மனைவிக்கும் சேர்த்து. அவர்களுடைய வாத்துச்சோற்றுக் கடைக்கு வரும் வரி அலுவலர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுவார். அரசாங்கத்துக்கென்று தனியாக லம்யாய் என்று ஒரு பெயர் அவளுக்கு இருந்ததை, திருமணப் பதிவு நாளில் ஹுவத் ஒரு தடவை கேட்டிருந்தான். நல்ல பெயர்தான். பழத்தின் பெயர். அதோடு மறந்துவிட்டான்.

கவுண்டரில் இருந்த ஃபா என்கிற பெண் படிவத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி படிவத்தைப் பார்த்தாள்.

"ஹியா, கணக்குல லம்யாய்னு இருக்கு. படிவத்துலயும் லம்யாய். அட்டையில தனட்சபோன்னு இருக்கே. யாரு இவங்க?"

"யாரோடதையாவது தூக்கிட்டு வந்திருப்பா. குடும்மா இங்க" என்று ஹுவத் அட்டையை வாங்கிப் பார்த்தான். பெயர்: தனட்சபோன். படம்: குங். அதே மச்சம். வாத்தின் கழுத்தைச் சரியாக வெட்டாதவனைப் பார்க்கும் அதே முகம்.

"நான்தான்" என்றாள் குங். அதை அவனிடம் சொல்லவில்லை, கூரையில் இருந்த ஏசியிடம் சொன்னாள்.

இதன் விபரீதம் புரிய ஐந்து வருடம் பின்னால் போகவேண்டும்.

அப்போது கடைக்குப் புது ஃப்ரீசர் வாங்க எண்பதாயிரம் பாட் சேர்த்து வைத்திருந்தார்கள். பழைய ஃப்ரீசர் சாகமாட்டேன் என்று அடம்பிடித்ததால் பணம் மீந்துவிட்டது. வாரினாவா என்கிற தேங்காய்ப்பால் கம்பெனியில் போடலாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. பங்கின் விலை அன்றைக்கு ஆறு பாட். அதே கம்பெனியின் வாரண்ட் நாற்பது சதாங், அதாவது பாதி பாட்டுக்கும் கீழே. போலீஸ் கொண்டுவரும் வாரண்ட் இல்லை இது. இன்ன தேதிக்குள் எட்டு பாட் கட்டினால் உனக்கு ஒரு பங்கு தருவோம் என்று கம்பெனி எழுதிக்கொடுக்கிற சீட்டு. தேதி தாண்டினால் அடுப்பு மூட்டலாம்.

"பங்கு வாங்கினா பதிமூணாயிரம் வரும். சீட்டு வாங்கினா ரெண்டு லட்சம் வரும். ரெண்டு லட்சம், ஹியா!"

"வறுகடலைகூட எண்ணினா ரெண்டு லட்சம் வரும். ஆறு பாட் பங்கு எட்டைத் தாண்டினாத்தான் உன் சீட்டுக்கு உசிரு. தாண்டலேன்னா?"

"தாண்டும்."

"தாண்டலேன்னா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"இங்க பாரு குங், பங்குங்கிறது கட்டின பொண்டாட்டி மாதிரி. நல்லதோ கெட்டதோ, கூடவே கெடக்கும்."

"அப்ப வாரண்டு?"

ஹுவத் வாயைத் திறந்தான். இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் இரவுச் சாப்பாடு கிடைக்காது என்று புரிந்ததும் மூடிக்கொண்டான். அந்த மௌனத்துக்குள் குங் இரண்டு லட்சம் வாரண்ட் வாங்கிவிட்டாள்.

ஹுவத்திடம் சொந்தமாக மூன்று கம்பெனிகளின் பங்குகள் இருந்தன. ஒரு வங்கி, ஒரு சிமெண்டு, ஒரு மருத்துவமனை. பதினோரு வருடமாக விற்காமல் வைத்திருந்தான். மனிதனுக்குக் கடன் வரும், வீடு கட்டுவான், காய்ச்சல் வரும், ஆகவே இந்த மூன்றும் சாகாது என்பது அவன் சித்தாந்தம். அவை சாகவில்லை. பெரிதாக வளரவும் இல்லை.

வாரண்ட் இரண்டாவது வருடமே பத்து சதாங்குக்கு இறங்கியது. எண்பதாயிரம் இருபதாயிரமானது. ஹுவத் அதைக் கடையில் விருந்தாகவே பரிமாறினான். "ரெண்டு தட்டு சோறு வாங்கினா ஒரு வாரண்டு இலவசம்" என்று ஒரு நாள் மதியக் கூட்டத்துக்கு நடுவில் சத்தமாகச் சொன்னான். பதினான்கு பேர் சிரித்தார்கள். குங் சிரிக்கவில்லை. அவள் சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் என்ன ஆனதோ, விலை மெல்ல ஏறியது. பத்து சதாங் ஒரு பாட் ஆனது. இந்த வருடம் சீனாக்காரர்கள் காப்பியில் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றத் தொடங்கினார்கள். வாரினாவா பங்கு பன்னிரண்டு பாட்டுக்குப் போனது, வாரண்ட் நாலு பாட். குங்கின் எண்பதாயிரம் எட்டு லட்சமாகிவிட்டது. பங்காக வாங்கியிருந்தால் ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆகியிருக்கும். இந்தக் கணக்கை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. நாள்காட்டியில் எழுதி, கல்லாவுக்கு நேர் எதிரே மாட்டிவைத்தாள்.

அதே சமயம்தான் இடி விழுந்தது. கடை இருந்தது புத்தர் கோயில் நிலத்தில். குத்தகை அடுத்த மாதக் கடைசியோடு முடிகிறது, இன்னும் பத்து வருடம் வேண்டுமானால் முன்பணம் இருபது லட்சம், இல்லையென்றால் காத்திருக்கும் காப்பிக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவோம் என்று கோயில் நிர்வாகம் கடிதம் அனுப்பியது. ஹுவத்தின் பங்குகள் பதினாறு லட்சம் பெறும். குங்கின் சீட்டுகள் எட்டு. கூட்டினால் இருபத்து நாலு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் அன்று ஒரு முழு வாத்தைத் தங்களுக்கென்றே வெட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் குங் தரகு அலுவலகத்துக்கு விற்கப் போனாள். திரையில் அவளுடைய வாரண்டே இல்லை.

"வியாபாரம் முந்தாநாளே முடிஞ்சுபோச்சே ஜே" என்றாள் ஃபா. "இனிமே விக்க முடியாது. கடைசித் தேதி இருபது நாள்ல வருது. அதுக்குள்ள ஒண்ணுக்கு எட்டு பாட் கட்டி பங்கா மாத்திக்கலாம். இல்லேன்னா மதிப்பு பூஜ்யம். மூணு கடிதம் அனுப்பினோமே, வரலியா?"

"வரல" என்றாள் குங்.

இரண்டு லட்சத்தை எட்டால் பெருக்கினால் பதினாறு லட்சம். அந்தப் பதினாறு லட்சம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. ஹுவத் பதினாறு நாள் யோசித்தான். வங்கியை விற்றபோது பரவாயில்லை. சிமெண்டை விற்றபோது தண்ணீர் குடித்தான். மருத்துவமனையை விற்ற அன்று உண்மையிலேயே காய்ச்சல் வந்து, இரண்டு நாள் படுத்தான். கடைசித் தேதியன்று, கம்பெனி பெயருக்கு எடுத்த வங்கிக் காசோலையைச் சட்டைக்குள் பனியனோடு சேர்த்து ஊக்குப் போட்டுக்கொண்டு, நான்காம் கவுண்டருக்கு வந்தான்.

அங்கேதான் அவன் மனைவி தனட்சபோனாக இருந்தாள்.

"எப்ப மாத்தின?" குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"மூணு மாசம் ஆச்சு. குத்தகை முடியப்போகுதேன்னு பயம். ஜோசியர் சொன்னார். புதன்கெழம பொறந்தவளுக்குப் பழைய பேரு ஆகாதாம், காசு கையில தங்காதாம்."

"ஜோசியரா? என்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீங்க சிரிப்பீங்க."

ஃபா கடிகாரத்தைப் பார்த்தாள். "ஜே, ஒண்ணும் பெரிய விஷயமில்ல. தினம் நாலு பேரு இப்படி வர்றாங்க. பேர் மாத்தின சான்றிதழ் நகல் ஒண்ணு வெச்சாப் போதும். மூணரைக்குள்ள குடுங்க, மூணரைக்குக் கட்டு கட்டிக் கம்பெனிக்கு அனுப்பிடுவோம்."

"அது இல்ல."

"வீட்ல இருக்குமே?"

"ஆத்துல இருக்கு" என்றாள் குங்.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஆஜான் விச்சிட் நிமிர்ந்தார். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் அவர். ஒன்பது வருடமாகத் தினமும் இங்கே வருகிறார். ஏசியும் தேநீரும் இலவசம். இதுவரை ஒரு பங்குகூட வாங்கியதில்லை. "எந்த ஆத்துல?" என்று கேட்டார்.

பழைய பெயர் இருக்கிற தாள் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது, எரித்து ஆற்றில் விடு என்பது ஜோசியரின் கட்டளை. குங் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பழைய வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ், ஒரு பரிசுப் பத்திரம், எல்லாவற்றையும் எரித்தாள். பெயர் மாற்றச் சான்றிதழில் "லம்யாய் என்பவர்" என்று தொடங்கிய வரி கண்ணில் பட்டது. அதையும் எரித்தாள்.

"அந்த மூணு கடிதம்?" என்றான் ஹுவத்.

"லம்யாய்னு போட்டு வந்துச்சு. அப்படி ஒருத்தி இங்க இல்லன்னு தபால்காரன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்."

ஹுவத் மனதுக்குள் கணக்குப் போட்டான். விற்றிருக்கலாம். மூன்று வாரம் முன்பே நாலு பாட்டுக்கு ஜம்மென்று விற்றிருக்கலாம். அவனுடைய வங்கியும் சிமெண்டும் மருத்துவமனையும் அதனதன் இடத்தில் இருந்திருக்கும், அதில் தேவைப்பட்டதை மட்டும் விற்றிருந்தால் போதும். கத்தலாமென்று மூச்சை இழுத்தான். ஊக்கு மட்டும் நெஞ்சில் குத்தியது.

"பகுதி அலுவலகத்துல நகல் குடுப்பாங்க ஹியா. ஓடுங்க" என்றாள் ஃபா.

இரண்டு மோட்டார்சைக்கிள் டாக்சி பிடித்து ஓடினார்கள். அலுவலகத்தில் டோக்கன் எண் இருநூற்றுப் பதினான்கு. ஓடிக்கொண்டிருந்தது நூற்று அறுபத்தொன்பது. பெயர் மாற்றும் வரிசையில் மட்டும் பதினேழு பேர். அதில் ஒருவர் கைக்குழந்தைக்கு மாற்ற வந்திருந்தார். பிறந்து நாற்பது நாளில் அதிர்ஷ்டம் கெட்டுவிட்டதாம். ஹுவத்தும் குங்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் அருகருகே உட்கார்ந்து, எண்கள் மாறுவதைப் பார்த்தார்கள். தரகு அலுவலகத்திலும் இதே மாதிரிதான் பார்ப்பார்கள். அங்கே எண்கள் இறங்கவும் செய்யும்.

இரண்டு நாற்பதுக்கு அவர்கள் முறை வந்தது. கண்ணாடி போட்ட அலுவலர் அம்மா கணினியைத் தட்டினார்.

"ரெண்டு நகலும் வேணுமா, ஒண்ணு போதுமா?"

"எந்த ரெண்டு?" என்றான் ஹுவத்.

"லம்யாய்லேருந்து பிச்சாபா. பிச்சாபாலேருந்து தனட்சபோன்."

ஹுவத் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினான். "பிச்சாபா யாரு?"

"நடுவுல கொஞ்ச நாள் இருந்தா" என்றாள் குங்.

"ரெண்டும் வேணும்" என்று அலுவலரிடம் சொன்னான். சொல்லிவிட்டுத் திரையை எட்டிப் பார்த்தான். முதல் மாற்றத்தின் காரணம்: மங்களம் கருதி. இரண்டாவதின் காரணம்: மங்களம் கருதி. முதல் மாற்றத்தின் தேதியைப் பார்த்தான். வாரண்ட் பத்து சதாங்குக்கு விழுந்திருந்த வருடம். மே மாதம், ஒன்பது. எட்டாம் தேதி அவனுடைய பிறந்தநாள். அன்றைக்குக் கடையில் கூட்டம் அதிகம். அன்றைக்குத்தான் அவன் இரண்டு தட்டு சோற்றுக்கு ஒரு வாரண்ட் இலவசம் என்று சொல்லி, பதினான்கு பேர் சிரித்தார்கள். மறுநாள் காலை காய்கறி வாங்கப் போகிறேன் என்று இவள் கிளம்பியதும், காய்கறி இல்லாமல் மதியம் திரும்பியதும் அவனுக்கு நினைவு வந்தன. மார்க்கெட் லீவு என்றாள். நம்பினான்.

நகலுக்குத் தலா பத்து பாட். கட்டினான்.

மூன்று மணி பத்தொன்பதுக்கு மறுபடி நான்காம் கவுண்டர். ஃபா தாள்களை வரிசையாக அடுக்கினாள். லம்யாய், பிச்சாபா, தனட்சபோன். ஒரு பெண்ணிலிருந்து இன்னொரு பெண்ணுக்குப் பாலம் சரியாக இருந்தது. காசோலையை வாங்கிக்கொண்டாள். "எல்லாம் சரி. இங்க மட்டும் ஒரு கையெழுத்து போடுங்க ஜே. கணக்கு தொடங்கினப்ப போட்ட மாதிரியே. லம்யாய்னு."

குங் பேனாவை எடுத்தாள். தாளின் மேல் கொண்டுபோனாள். கீழே வைத்துவிட்டாள்.

"மாட்டேன்."

"என்னது?" என்றான் ஹுவத்.

"அந்தப் பேரை எழுதக்கூடாது. எழுதினா அது எந்திரிச்சு உக்காந்துக்கும்னு சொல்லியிருக்காரு. நல்லா யோசிச்சுப் பாருங்க ஹியா. லம்யாயா இருந்தப்ப பத்து சதாங். பிச்சாபா ஆனதும் ஒரு பாட். தனட்சபோன் ஆனதும் நாலு பாட். இப்ப போய் லம்யாய்னு போட்டா?"

இதைக் கேட்டு ஹுவத் சிரித்திருக்கவேண்டும். பதினோரு வருடம் இருப்புநிலைக் குறிப்பு படித்தவன் அவன். ஆனால் அவன் மனம் பாவி, கணக்குப் போட்டுப் பார்த்தது. பத்து சதாங், ஒரு பாட், நாலு பாட். கோடு நேராகத்தான் இருந்தது. வாயைத் திறந்தபோது "ஒரு நிமிஷம் இரு" என்று வந்தது. தன் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு, காலையிலிருந்து வாங்கிய எல்லா அதிர்ச்சியையும் விடப் பெரிதாக அதிர்ந்தான்.

"மூணு இருபத்தி மூணு" என்றாள் ஃபா.

"யாரும் கையெழுத்து போடலேன்னா அந்தப் பேனாவைக் குடுங்க" என்றார் ஆஜான் விச்சிட். "என்னோடது மை தீர்ந்துபோச்சு."

எட்டு லட்சம். பத்து வருட வாத்து. வாசலில் காத்திருக்கும் காப்பிக் கம்பெனி. ஹுவத் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் அடம்பிடிக்கவில்லை; பயந்திருந்தாள். ஐந்து வருடம் தனியாக, அவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பயந்திருக்கிறாள். சிரிப்பான் என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். சொல்லியிருந்தால் சிரித்துத்தான் இருப்பான். அதுதான் பிரச்சினை.

"குங், அன்னைக்கு அடுப்பங்கரையில என்னோட சண்டை போட்டு வாங்கினது யாரு?"

"நான்தான்."

"பேரு?"

அவள் பேனாவைப் பார்த்தாள்.

"லம்யாய். நாற்பது சதாங்குல ரெண்டு லட்சம் வாங்குற தைரியம் அவளுக்குத்தான் இருந்துச்சு. பிச்சாபா என்ன வாங்கினா? ஒண்ணுமில்ல. இந்தத் தனட்சபோன் வந்து மூணு மாசந்தான் ஆகுது, இன்னும் அவ கையால ஒரு வாத்துகூட வெட்டல. பந்தி போட்டப்பறம் வந்து உக்காந்தவங்க இவங்க ரெண்டு பேரும். சமைச்சவ அவ. நான் கேலி பண்ணினதும் அவளைத்தான். தப்பு எம்மேல. அவளை ஆத்துல விட்டிருக்க வேணாம்."

குங் பேனாவை எடுத்து ஒரே இழுப்பாக எழுதினாள். அது பழைய கையெழுத்தாகவே இருந்தது.

மூன்று இருபத்தேழுக்கு முத்திரை விழுந்தது. ஹுவத் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆஜான் விச்சிட் குனிந்து அவனுக்கு ஒரு கோப்பை இலவசத் தேநீர் கொடுத்தார். ஒன்பது வருடத்தில் அவர் செய்த முதல் முதலீடு.

புதுப் பங்குகள் கணக்கில் ஏறப் பன்னிரண்டு நாள் ஆனது. சீட்டு வைத்திருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் பங்கைக் கையில் வாங்கி விற்கப்போகிறார்கள் என்பது சந்தைக்குத் தெரியும். விலை பன்னிரண்டிலிருந்து பதினொன்றரை, பதினொன்று, பத்தேமுக்கால் என்று படியிறங்கியது. குங் கையெழுத்தைச் சொல்லிக்காட்டவில்லை. நாள்காட்டியைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள். அவள் கத்தினால் தேவலை என்று ஹுவத்துக்கு இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி. அவள் தரகு அலுவலகத்தில் இருந்தாள். அவன் கடையில், ஒரு கையில் வெட்டுக்கத்தி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன்.

"எவ்வளவு?"

"பத்து நாப்பது. இல்ல, பத்து முப்பது. பொறுத்துப் பாக்கலாமா?"

இருபது லட்சத்துக்குப் பத்து பாட் வேண்டும், அதற்கு ஒரு சதாங் குறைந்தாலும் கடை போயிற்று. பங்கைப் பதினோரு வருடம் பொறுத்தவன் சொன்னான்: "வித்துத் தொலைடி!"

வாடிக்கையாளர் ஒருவர், "தோல் இல்லாம குடுங்க ஹியா" என்றார். ஹுவத் தோலோடு வெட்டிக்கொண்டிருந்தான்.

"வித்தாச்சு. மொத்தமும். பத்து இருபது."

மதியத்துக்குள் விலை ஒன்பது முப்பதாகிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டபோது ஹுவத்துக்கு மறுபடி ஒரு தடவை காய்ச்சல் வந்ததுபோல இருந்தது. ஆனால் கடையில் கூட்டம், காய்ச்சலுக்கு நேரமில்லை.

மறுநாள் இருவரும் கோயில் அலுவலகத்தில் இருபது லட்சத்தைக் கட்டினார்கள். தரகு போக மிஞ்சியது முப்பதாயிரத்துச் சொச்சம். நிர்வாகி முத்திரை குத்திய குத்தகைத் தாளை இரண்டு கையாலும் நீட்டினார். ஹுவத் கும்பிட்டு வாங்கிக்கொண்டு, வெளியே வந்து, படிக்கட்டில் நின்று படித்தான். பணம் செலுத்தியவர் இன்ன இடத்தில் இன்ன தேதி வரை கடை நடத்த உரிமை உடையவர். அந்தத் தேதிக்குப் பிறகு இத்தாள் செல்லாது.

இரண்டாம் தடவை படித்தான். பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்தான்.

"என்ன ஆச்சு ஹியா?"

"இதுலயும் கடைசித் தேதி போட்டிருக்கு, குங், உன் சீட்டு மாதிரி."

"குத்தகைன்னா போடுவாங்க."

"பதினோரு வருஷப் பங்கு... எல்லாத்தையும் வித்து..." தாளைத் தூக்கி அவளிடம் காட்டினான்.

குங் வாங்கிப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பன்னிரண்டு நாளாக மூடியிருந்த முகம் மெல்லத் திறந்தது.

"எத்தனை வாங்கியிருக்கீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா?" என்றாள் அவள். "நானாவது ரெண்டு லட்சம் வாங்கினேன்."